பாஸ் கடைசியில் பார்க்கலாம்

கேள்வி: வணக்கம் சார். ஏப்ரல் முதல் வாரத்தில் நான், என் கணவர், மாமியார் மூவரும் ஜப்பான் போகிறோம். பத்து இரவு. டோக்கியோ, ஹகோனே, கனஸாவா, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா என்று ஏழு ஊர் எழுதி வைத்திருக்கிறேன். ஊருக்கு ஊர் ரயில்தான். கடைசியில் டோக்கியோ திரும்பி விமானம் ஏறுவதாகத் திட்டம். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. வெளிநாட்டில் ரயில் ஏறுவது இதுதான் முதல் தடவை. ஒரே விலையில் ஏழு நாள் ஜப்பான் ரயில்களில் போய்வரும் ஜே.ஆர். பாஸ் வாங்கினால் லாபம் என்கிறார்கள். வாங்கிவிடலாமா?
— ஒரு வாசகி

பதில்: விமான டிக்கெட் எடுக்கவில்லை என்றீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி அதுதான். டோக்கியோவில் இறங்கி, ஒசாகா பக்கத்துக் கன்சாய் விமான நிலையத்தில் ஏறுகிற மாதிரி எடுங்கள். ஹிரோஷிமாவிலிருந்து டோக்கியோ திரும்ப, வேகமான நொசோமி ரயிலிலேயே கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஆகும். ஆளுக்கு 19,000 யென்னுக்கு மேல். வந்த வழியையே திரும்பிப் பார்க்க இவ்வளவு செலவா?

பாஸ் விஷயம். 2023 அக்டோபர் வரை ஏழு நாள் பாஸ் 29,650 யென். அப்போது கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அந்த மாதம் அதை 50,000 ஆக்கிவிட்டார்கள். விலை ஏறிவிட்டது, பழைய அறிவுரை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீங்களே கணக்குப் போடுங்கள். டோக்கியோ–கியோட்டோ சுமார் 14,000, கியோட்டோ–ஹிரோஷிமா சுமார் 11,500, அங்கிருந்து ஒசாகா 10,500 சொச்சம். மொத்தம் 36,000 யென். டோக்கியோவுக்கே திரும்பினாலும் 45,000 பக்கம்தான் வருகிறது. போதாக்குறைக்கு, பாஸை வைத்துக்கொண்டு நொசோமியில் ஏறினால் தனியாகக் காசு கட்ட வேண்டும். எனவே உங்கள் பயணத்துக்கு பாஸ் வேண்டாம். எந்த ஊரில் எத்தனை இரவு என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஏப்ரல் முதல் வாரம் செர்ரி பூக்கும் சமயம், கியோட்டோவில் அறை கிடைப்பதுதான் கஷ்டம். ரயிலில் இடம் கிடைத்துவிடும்.

ஏழு ஊர் பார்க்க ஏழு ஹோட்டல் தேவையில்லை. நானாக இருந்தால் டோக்கியோவில் நான்கு இரவு, கியோட்டோவில் நான்கு, ஹிரோஷிமாவில் ஒன்று, ஒசாகாவில் ஒன்று என்று பிரிப்பேன். கியோட்டோவிலிருந்து நாரா முக்கால் மணி நேரம். காலையில் போய் மான்களைப் பார்த்துவிட்டு மாலையில் வந்துவிடலாம். ஹிரோஷிமாவை ஒரே நாளில் முடிப்பவர்களும் உண்டு, ரயில் வேகத்துக்கு அது முடியும்தான். ஆனால் அதன் பக்கத்திலுள்ள மியாஜிமா தீவில் அவசரப்படக் கூடாது. அங்கே கடலுக்குள் நிற்கும் கோயிலின் சிவப்பு வாயில், ஓதம் ஏறும்போது மிதப்பது போலவும் வற்றும்போது சேற்றில் நிற்பது போலவும் இருக்கும். இரண்டையும் பார்க்க அரை நாளாவது வேண்டும். ஓத நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கனஸாவாவை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். அழகான ஊர், அதில் சந்தேகமில்லை. ஆனால் 2024 மார்ச்சில் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் பாதையை வழியிலுள்ள சுருகா ஊர் வரை நீட்டியதிலிருந்து, கனஸாவாவிலிருந்து கியோட்டோவுக்கு முன்பெல்லாம் நேராக வந்த ரயில் இப்போது இல்லை; சுருகாவில் இறங்கி மாற வேண்டும். மாமியாரும் பெட்டிகளுமாக அங்கே மாடி ஏறி இறங்குவதை நினைத்துப் பாருங்கள். ஹகோனேவை டோக்கியோவிலிருந்து ஒரு நாளில் பார்த்து வரலாம். வானம் மூடியிருந்தால் ஃபுஜி மலை தெரியாது, அன்றைக்குப் போகாதீர்கள்.

பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ. தாண்டினால் டோக்கியோ–கியோட்டோ–ஹிரோஷிமா பாதையில் அதற்கென்று உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் ஏறினால் 1,000 யென் கட்டணம். இதைவிட நல்ல வழி 'தக்யூபின்' என்ற பெட்டி அனுப்பும் சேவை. டோக்கியோ ஹோட்டல் வரவேற்பில் பெரிய பெட்டிகளைக் கொடுத்தால், வழக்கமாக மறுநாள் கியோட்டோ ஹோட்டலுக்கு வந்துவிடும். பெட்டிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் யென் ஆகும். ஓர் இரவுக்கு வேண்டியதைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், மாமியாரின் மாத்திரைகள் உட்பட. கியோட்டோவில் வண்டி ஓரிரு நிமிடம்தான் நிற்கும், கை காலியாக இருப்பவர் சுலபமாக இறங்குவார்.

கேள்வி: ஃபுஜி மலை எந்தப் பக்கம் தெரியும்? மூவரும் சேர்ந்து உட்காரலாமா?

பதில்: இரண்டுமே வேண்டுமென்றால் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். சாதாரண ரயில் பெட்டியில் இருக்கைகள் ஒரு பக்கம் ஏ, பி, சி. நடைபாதை தாண்டி டி, இ. கியோட்டோ போகும்போது வலப்பக்கம், அதாவது இ ஜன்னலில்தான் ஃபுஜி தெரியும். மூவரும் ஏ-பி-சி வாங்கினால் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்து ஏங்க வேண்டியதுதான். சி, டி, இ வாங்குங்கள். இடையில் நடைபாதை இருந்தாலும் ஒரே வரிசை. டோக்கியோவில் கிளம்பி நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் மலை வரும். மாமியாரை இ-யில் உட்கார வையுங்கள், பயணம் முழுக்கச் சண்டை இருக்காது.

கேள்வி: முன்பதிவு செய்த ரயிலைத் தவறவிட்டால் பணம் போச்சா?

பதில்: சாதாரண முன்பதிவு டிக்கெட் என்றால் போகாது. அதே நாளில் அடுத்து வரும் ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறிக்கொள்ளலாம். சலுகை டிக்கெட்டுகளுக்கு இது பொருந்தாது, விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். பயணம் ஏப்ரல் கடைசிக்குத் தள்ளிப்போனால் இன்னொரு சிக்கல்: 'கோல்டன் வீக்' விடுமுறை நெரிசலில் நொசோமி முழுவதும் முன்பதிவுப் பெட்டிதான். வண்டி தவறினால் அடுத்த நொசோமியில் வாசலோரம் நின்றுகொண்டுதான் போக முடியும்.

கேள்வி: மாமியார் சுத்த சைவம். ரயிலில் சாப்பாடு?

பதில்: எதிர்பார்க்காதீர்கள். சாதாரணப் பெட்டிகளில் தள்ளுவண்டி விற்பனையை டோக்கியோ–கியோட்டோ பாதையில் 2023 அக்டோபருடன் நிறுத்திவிட்டார்கள். நிலையத்தில் விற்கும் 'எகிபென்' சாப்பாட்டுப் பெட்டி பார்க்கவே அழகு. ஆனால் காய்கறி மட்டும் தெரிகிற பெட்டியிலும் 'தாஷி' சாறு சேர்ந்திருக்கும். அது பெரும்பாலும் மீனில் எடுப்பது. பழம், கொட்டை வகைகள், நீங்களே கட்டிக்கொண்டு போனது, இவைதான் நிச்சயம். ஷின்கான்செனில் உட்கார்ந்து சாப்பிட யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நகர ரயிலில் மட்டும் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம்.