பரிசோதனை ஓடும்போதே கணக்குப் போட வரும் தம்பிக்கு

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். அமெரிக்காவில் ஒரு தேசிய ஆய்வகத்தில் தம்பிக்கு போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) வேலை கிடைத்திருக்கிறது. இதுவரை பேட்ச் கியூவில், அதாவது முறை வரும்போது இயந்திரம் தானாக ஓட்டும் வரிசையில், ஜாப் (ஓட்ட வேண்டிய கணக்கு) போட்டுவிட்டு மறுநாள் வந்து பார்த்துத்தான் பழக்கம். இங்கே பரிசோதனை நடந்துகொண்டிருக்கும்போதே சூப்பர் கம்ப்யூட்டரில் தரவை அலசிச் சொல்ல வேண்டுமாம். "சமாளிக்க முடியுமா அண்ணா? அப்படியே வீடு, லைசென்ஸ், எந்த லேப்டாப் வாங்குவது என்றும் சொல்லுங்கள்."

வீடும் லைசென்ஸும் தானாக நடக்கும். அதற்குப் பதில் சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. வந்து ஆறு மாதம் ஆனவர்கள்தான் அதில் அதிகம் அறிவுரை சொல்வார்கள், அவர்களிடமே கேளுங்கள்.

நான் சொல்ல வருவது வேறு. முதலில் கம்ப்யூட்டர் அக்கவுன்ட். எரிசக்தித் துறையின் ஆய்வகங்களில் அமெரிக்கக் குடிமகன் அல்லாதவருக்குத் தனியாக ஒரு அனுமதி நடைமுறை உண்டு. வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். கிளம்புவதற்கு முன்பே உங்களை வேலைக்கு எடுத்தவரிடம் காகிதங்களை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். நம் ஆட்களுக்கு இதில் கூடுதல் தலைவலி பெயர். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால், அமெரிக்க விசாவில் நம் பெயர் முழுவதும் சர்நேம் கட்டத்துக்குப் போய்விடும். முன்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சாகி வரும், அதாவது முதல் பெயர் தெரியவில்லையாம். அப்பா வைத்தது ஒரே ஒரு பெயர், அதையும் தெரியாது என்கிறார்கள்! நான் வந்த புதிதில் ஒரு படிவத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் பெயர் ஏறி, இரண்டும் ஒரே ஆள்தான் என்று அவர்கள் ஒப்புக்கொள்வதற்குள் கோடைக்காலமே போய்விட்டது. மேசை இருந்தது, நாற்காலி இருந்தது, அக்கவுன்ட் மட்டும் இல்லை. பக்கத்து மேசைக்காரர் தட்டுவதை எட்டிப் பார்த்தும், பயனர் கையேட்டை அச்செடுத்துப் படித்தும் நாளை ஓட்டினேன். கையேட்டை முழுசாகப் படித்த ஆள் எங்கள் கட்டடத்திலேயே நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். இன்றைக்கும் சந்தேகம் என்றால் என் அறைக்குத்தான் வருகிறார்கள்.

சரி, இயந்திரத்துக்கு வருகிறேன். பேட்ச் என்றால் எஸ்பேட்ச் என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகலாம். இன்டராக்டிவ் என்றால் எஸ்அலாக் என்ற கட்டளையைக் கொடுத்ததும் நோடு (பெரிய இயந்திரத்துக்குள் இருக்கும் ஒரு தனிக் கணினி) கைக்கு வரும், நீங்கள் தட்டத் தட்டப் பதில் சொல்லும். பெர்க்லியில் உள்ள நெர்ஸ்க் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தின் பெர்ல்மட்டர் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (2011-ல் இயற்பியல் நோபல் வாங்கிய சால் பெர்ல்மட்டரின் பெயர் அது). அங்கே இன்டராக்டிவ் வரிசையில் அதிகபட்சம் 4 நோடு, 4 மணி நேரம். சில நிமிடங்களுக்குள் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் கோரிக்கையே ரத்தாகிவிடும். இதன் அருமை பழைய ஆட்களுக்குத்தான் தெரியும். அப்போதெல்லாம் இதையும் சாதாரண கியூவிலேயே போட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மாலை வரை வராது. சலித்துப்போய் வீட்டுக்குப் போனால், விடியற்காலை மூன்று மணிக்கு நோடு கிடைத்து, ஆளில்லாத டெர்மினலுக்காகச் சும்மா ஓடி, நேரம் முடிந்து ஜாப் செத்துப்போயிருக்கும். காலையில் வந்து பார்த்தால் குழுவுக்குத் தந்த ஒதுக்கீட்டில் மணி நேரம் மட்டும் கழிந்திருக்கும்.

இப்போது சுலபமாகக் கிடைக்கிறது என்பதால் வந்த வியாதி இன்னொன்று. காலையில் வந்ததும் நான்கு நோடையும் எடுத்து வைத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போய்விடுவது. பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற அதே புத்திதான். ஒரு ஜிபியு நோடில் ஏ100 என்ற வேகமான கணக்குச் சில்லு நான்கு இருக்கிறது. நான்கு நோடு என்றால் 16 சில்லு. ஒன்றில்கூட ஒரு வரி ஓடாவிட்டாலும், நான்கு மணி நேரத்துக்கு 16 நோடு-மணி உங்கள் குழுவின் கணக்கில் கழியும். சும்மா இருந்தது என்று யாரும் திருப்பித் தர மாட்டார்கள். வேலை முடிந்தால் உடனே விட்டுவிடுங்கள். இதைச் செய்பவர்கள் எல்லா நாட்டுக்காரர்களும்தான், ஆனாலும் நம் ஊர்க்காரர் ஒருவர் அப்படி வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கூடுதலாகவே எரிச்சல் வருகிறது.

மையத்தின் பக்கம் நின்றும் பாருங்கள். உடனே கொடுக்க வேண்டுமென்றால் கொஞ்சம் நோடைக் காலியாக வைத்திருக்க வேண்டும். காலியாக இருந்தால் பயன்பாட்டு விகிதம் குறையும், மேலிடம் கேள்வி கேட்கும். அதனால்தான் அவசர ஜாப் வந்தால் விலகிக்கொள்ளச் சம்மதித்த ஜாப்களைக் காலி இடத்தில் ஓட விடுகிறார்கள். உங்கள் நிரல் செக்பாயின்ட் (நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் சேமிப்பு) எழுதத் தெரிந்ததாக இருந்தால் அந்த வரிசையில் சலுகை விலையில் ஓட்டலாம். எழுதத் தெரியாததாக இருந்தால் முதல் மாதத்திலேயே அதை எழுதிவிடுங்கள்.

எல்லோரும் உள்ளே நுழையும் பொதுக் கணினியான லாகின் நோடில் கணக்கை ஓட்டாதீர்கள், இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. நிரலைச் செல் என்ற சிறு துண்டுகளாக ஓட்டி, விடையையும் படத்தையும் அங்கேயே பார்க்கும் ஜூபிடர் நோட்புக் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே பாதிப் பேர் அதில்தான் வாழ்கிறார்கள், நானும்தான். ஆனால் செல்களை மேலும் கீழுமாகத் தாவித் தாவி ஓட்டினால், திரையில் நிற்கும் படம் எந்த வரிசையில் வந்தது என்று மறுநாள் உங்களுக்கே தெரியாது. ஷிஃப்ட் முடிந்ததும் கெர்னலை (பின்னால் நிரலை ஓட்டும் பகுதி) மறுபடி தொடங்கி மேலிருந்து கீழ்வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதே படம் வராவிட்டால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பரிசோதனை ஓடும்போதே என்று கேட்டீர்களே, அதன் வேகத்தைச் சொல்கிறேன். சான் டியாகோவில் டி-த்ரீ-டி என்று ஒரு டோகமாக் இருக்கிறது, பிளாஸ்மா என்ற மிகச் சூடான மின்னூட்ட வாயுவைக் காந்தப் புலத்தில் அடைத்து வைக்கும் அணுக்கரு இணைவு இயந்திரம் அது. ஒரு ஷாட்டில், அதாவது ஒருமுறை ஓட்டும்போது, பிளாஸ்மா சில நொடிகள்தான் நிற்கும். அடுத்த ஷாட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் இடைவெளி. அதற்குள் முந்தைய ஷாட்டில் பிளாஸ்மா எப்படி இருந்தது என்று கணக்கிட்டுச் சொன்னால்தான் அடுத்ததை மாற்றி அமைக்க முடியும். அந்தத் தரவை ஆய்வகங்களை இணைக்கும் ஈஎஸ்நெட் வலையமைப்பு வழியாகப் பெர்ல்மட்டருக்கு அனுப்பி, சுமார் ஒரு மணி நேரம் பிடித்த, பிளாஸ்மாவின் நிலையை மறுகட்டமைக்கும் கணக்கை 11 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெர்ல்மட்டரில் இதற்கென்று 'ரியல்டைம்' என்று ஒரு தனி வரிசை இருக்கிறது. கேட்டவர்களுக்கெல்லாம் தர மாட்டார்கள், காரணம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பக்கம் இருக்கும் எக்ஸ்ரே லேசர் 2009-ல் தொடங்கியபோது நொடிக்கு 120 எக்ஸ்ரே துடிப்பு வரை போகும். 2023-ல் மேம்படுத்திய பிறகு அது பத்து லட்சம் வரை போகும்படி கட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேமித்து வைத்துவிட்டுச் சாவகாசமாகப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் என்னைக் கேட்டால் கஷ்டம் கம்ப்யூட்டரில் இல்லை, வாயில்தான். பேட்ச் வேலை கூச்ச சுபாவக்காரனுக்கு வசதி. ஒரு வாரம் யோசித்து, படம் வரைந்து, மின்னஞ்சலில் பணிவாக எழுதலாம். ஷிஃப்டில் உங்கள் திரையில் ஏதோ தப்பாகத் தெரிகிறது என்றால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் முப்பது வருட அனுபவமுள்ள பேராசிரியராக இருப்பார். ஆசிரியர் வந்தால் எழுந்து நின்று வளர்ந்த நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

என் முதல் சில ஷிஃப்ட்களில் ஒன்று, நள்ளிரவு தாண்டிவிட்டது. புரதப் படிகங்களை மெல்லிய ஜெட்டாக (நீர்த்தாரை போல) எக்ஸ்ரே கற்றைக்கு முன்னால் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எத்தனை துடிப்பு படிகத்தில் பட்டது என்ற விகிதம் என் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அது சரியத் தொடங்கியது. அறையில் என்னைத் தவிர எல்லோரும் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். "ஜெட் விலகுகிறது, நிறுத்துங்கள்" என்றேன். என் ஆங்கிலம் அவர்களுக்குப் புரிந்ததா என்றுகூடத் தெரியவில்லை, அதனால் இன்னும் சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன். நிறுத்தினார்கள், சரிசெய்தார்கள், தொடர்ந்தார்கள். ஒருவரும் பாராட்டவில்லை. அடுத்த ஷிஃப்டுக்கு அட்டவணை போட்டபோது அந்தத் திரைக்கு நேராக என் பெயரை எழுதியிருந்தார்கள், சர்நேம் சரியாகவே இருந்தது.

இதற்கு நேர்மாறான ஆட்களும் நம்மில் இருக்கிறார்கள். வந்து பத்து வருடம் ஆகியிருக்கும். கட்டுப்பாட்டு அறையில் வாயே திறக்க மாட்டார்கள், கேட்டால் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று தலையாட்டுவார்கள். பிறகு தமிழ் வாட்ஸப் குழுவில் வந்து "எனக்கு அப்பவே தெரியும், இவனுங்க கேக்க மாட்டானுங்க" என்பார்கள். சொல்லவே இல்லையே ஐயா, எப்படிக் கேட்பார்கள்? இவர்கள்தான் பதவி உயர்வில் பாகுபாடு என்று அதிகம் புலம்புவதும். பாகுபாடு இல்லை என்று நான் சொல்லவில்லை, நானும் பட்டிருக்கிறேன். ஆனால் திரையில் விகிதம் சரியும்போது சும்மா இருந்ததற்கு அது காரணமாகாது.

சமாளிக்க முடியுமா என்றால், முடியும். முதல் வாரம் யாருடைய ஷிஃப்டிலாவது பக்கத்தில் உட்கார அனுமதி கேளுங்கள், தருவார்கள். அங்கே என்னென்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எப்போது குறுக்கிடுகிறார்கள் என்று பாருங்கள். புரியாவிட்டால் அப்போதே கேளுங்கள்.

லேப்டாப் எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், கணக்கு ஓடப்போவது அதில் இல்லை. எஸ்எஸ்ஹெச் (தூரத்து இயந்திரத்துக்குள் நுழையும் வழி) போனால் போதும். வைஃபை அறுந்தாலும் செஷன் சாகாமல் இருக்க டீமக்ஸ் என்ற நிரலைப் பழகிக்கொள்ளுங்கள். மேக்கா விண்டோஸா என்ற சண்டைக்கு என்னை இழுக்காதீர்கள்.