காலையில் எந்த ரோட்டில் போறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கோவை, திருப்பூர் காலை நேர ட்ராஃபிக் பற்றியே. மைலேஜ், டயர், இன்ஷூரன்ஸ் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்ப்போம்.

ஏனுங்க, வீடு சிங்காநல்லூர், ஆபீஸ் சரவணம்பட்டி. 9.30-க்குள் பஞ்ச் வைக்கணும், தவறினால் லேட் மார்க். காமராஜர் ரோடு, ஹோப்ஸ் ஜங்ஷன், விளாங்குறிச்சி வழியாகக் காரில் போகிறேன். நல்ல நாளில் 35 நிமிஷம், மோசமான நாளில் ஒரு மணி நேரம். ஒண்டிப்புதூர் தாண்டி பைபாஸ் பிடித்து நீலாம்பூர், சித்ரா ஜங்ஷன், காளப்பட்டி என்று சுற்றி வரச் சொல்கிறார் நண்பர். அதில் எப்போது போனாலும் 50 நிமிஷம்தானாம். எதில் போவது?
— வாசகர், சிங்காநல்லூர்

உங்கள் கேள்வியிலேயே விடை பாதி இருக்குங்க. 35 நிமிஷ ரோடு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் ஒரு மணி நேர ரோடு. லேட் மார்க் விழக்கூடாது என்றால் அதில் 8.30-க்கே கிளம்பியாக வேண்டும். நண்பர் சொல்லும் சுற்று வழியில் 8.40-க்குக் கிளம்பினால் போதும். வேகமான வழி என்று பேர் வாங்கியதுதான் உங்களைப் பத்து நிமிஷம் முன்னால் எழுப்பிவிடுகிறது! நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவர் ஒரு ரோட்டின் நல்ல நாளைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, அது எவ்வளவு மோசமாகப் போகும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்காகத் தினமும் பைபாஸில் போங்கள் என்று சொல்ல மாட்டேன். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம், போக வர பெட்ரோல் கணக்குப் போட்டால் மாசக் கடைசியில் கடுப்பாகிவிடும். முக்கியமான மீட்டிங், இண்டர்வியூ என்று ஒரு நிமிஷம் கூடப் பிசகக்கூடாத நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. ஹோப்ஸ் வந்ததும் விளாங்குறிச்சிப் பக்கம் போகாமல் அவிநாசி ரோட்டில் கிழக்கே திரும்பி, சித்ரா வரை போய், அங்கே இடது பக்கம் காளப்பட்டி ரோட்டைப் பிடித்துச் சரவணம்பட்டி போவது. காலையில் கூட்டம் ஊருக்குள் வருகிறது, நீங்கள் அந்தத் துண்டில் ஊரை விட்டு வெளியே போகிறீர்கள். சித்ராவில் இடது திருப்பம் என்பதும் ஒரு வசதி. நம் ஊரில் வலது பக்கம் திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் எதிரே வருகிற வண்டிகளுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும், இடது பக்கத்தில் அந்த ரோதனை இல்லை. அமெரிக்காவில் யு.பி.எஸ். என்ற பார்சல் கம்பெனி இதையே ஒரு கொள்கையாக வைத்திருக்கிறது. அங்கே வண்டிகள் வலது பக்கம் ஓடுவதால் அவர்கள் தவிர்ப்பது இடது திருப்பத்தை. ஹோப்ஸில் மட்டும் நேராகத் திரும்ப விடுகிறார்களா, தாண்டிப் போய் யூ டர்ன் போட வைக்கிறார்களா என்று ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். கோவையில் சிக்னலை எடுத்துவிட்டு யூ டர்ன் வைக்கிற வேலை சில வருஷமாகவே நடக்கிறது, போன மாசம் இருந்த திருப்பம் இந்த மாசம் இருக்காது.

வழியை விடப் பெரிய விஷயம் கிளம்புகிற நேரம். ஒரு சிக்னல் நிமிஷத்துக்கு 20 வண்டிகளை அனுப்புகிறது, ஆனால் 25 வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு ஐந்து மிச்சம். இருபது நிமிஷத்தில் நூறு வண்டி வரிசையில் நிற்கும், கடைசியில் நிற்பவருக்கு அந்த ஒரு சிக்னலில் மட்டும் ஐந்து நிமிஷம் போச்சு. வரிசை சேர ஆரம்பித்தபோது வந்தவர் நிற்காமலே போயிருப்பார். இருவரும் போனது ஒரே ரோடுதான். ஸ்கூல் வேனும் காலேஜ் பஸ்ஸும் ஒன்றாக இறங்குவதற்கு முன்னால் ஹோப்ஸைத் தாண்டிவிட்டால், பதினைந்து நிமிஷம் முன்னால் கிளம்பினதற்கு இருபத்தைந்து நிமிஷம் திரும்பக் கிடைக்கும்.

மூன்று வழியையும் ஓட்டிப் பாருங்கள், ஆனால் மே மாசத்தில் பார்க்காதீர்கள். ஸ்கூல் லீவில் எந்த ரோடும் நல்ல ரோடுதான், ஜூன் மாசம் அழ வேண்டிவரும். திங்கட்கிழமையைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நேரத்தை வீட்டு கேட்டிலிருந்து சீட்டில் உட்காரும் வரை கணக்கிடுங்கள், ஏனென்றால் சரவணம்பட்டியில் பார்க்கிங்கும் லிஃப்ட் வரிசையும் சேர்ந்து தின்கிற நேரத்தை யாரும் கணக்கில் வைப்பதே இல்லை.

அவிநாசி ரோடு மேம்பாலம் திறந்த பிறகும் கருமத்தம்பட்டியிலிருந்து ஆபீஸ் போக நான் நினைத்த அளவு நேரம் குறையவில்லை. ஆபீஸ் ரேஸ்கோர்ஸ் பக்கம். ஏன்?
— வாசகி, கருமத்தம்பட்டி

ஜி.டி. நாயுடு பேரில் இருக்கிற அந்த மேம்பாலத்தை 2025 அக்டோபரில் திறந்தார்கள், கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர். நடுவில் இருக்கிற சிக்னல்களை எல்லாம் தாண்டிப் போய்விடலாம், அது நிஜம். ஆனால் பாலம் வண்டிகளைக் குறைக்கவில்லையே, வழியில் ஏழெட்டு இடத்தில் நின்று நின்று வந்த கூட்டம் இப்போது ஒரேயடியாக இறங்குகிற இடத்துக்கு வந்து சேர்கிறது. மேலே மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கைக் கீழே இறங்கும்போது கொடுக்கிறீர்கள். அப்புறம், கோல்டுவின்ஸுக்கு முன்னால் நீலாம்பூர், சின்னியம்பாளையம் பக்கம் ஆகிற நேரத்தில் பாலம் ஒன்றும் செய்ய முடியாது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாலத்தின் கடைசி வரை போய்த்தான் இறங்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். முன்னாலேயே இறங்கு தளத்தில் இறங்கி, உள் ரோடு வழியாக ரேஸ்கோர்ஸ் போக முடிகிறதா என்று ஒரு வாரம் முயன்று பாருங்கள். பத்து கிலோமீட்டர் பறந்து வந்த பிறகு கீழே இறங்கிச் சுற்றுவது மனசுக்கு ஒப்பாதுதான், கடிகாரம் அதையெல்லாம் பார்ப்பதில்லை.

மேப் சொன்னது என்று திரும்பினால் கார் போக முடியாத சந்தில் கொண்டுபோய் விடுகிறது. எதிரே தண்ணி லாரி, பின்னால் ஆட்டோ. மேப்பை நம்பலாமா, கூடாதா?
— வாசகர், கணபதி

முதலில் ஒன்று பாருங்கள்: மேலே கார் படம் இருக்கிறதா, பைக் படம் இருக்கிறதா? கூகுள் மேப்பில் டூவீலருக்கென்று தனி வழி 2017-ல் நம் நாட்டில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் போகும்போது மாற்றி வைத்ததை அப்படியே விட்டுவிட்டால், திங்கட்கிழமை காரையும் அது ஸ்கூட்டராகவே நினைக்கும். அரை நூற்றாண்டு முன்னால் மாட்டு வண்டி போன இட்டேரிகள்தான் கணபதி, சின்னவேடம்பட்டிப் பக்கம் இன்று தார் போட்ட தெருக்களாக இருக்கின்றன. இரண்டு பக்கமும் காம்பவுண்ட் சுவர் எழும்பிவிட்டது, அகலம் மட்டும் பழைய அகலம்தான்.

கார் படம்தான் இருக்கிறது என்றால் விஷயம் வேறு. ரோட்டில் போகிறவர்களின் போன் நகரும் வேகத்தை வைத்துத்தான் மேப் சிவப்பு, பச்சை போடுகிறது. சத்தி ரோட்டில் ஆயிரம் போன் நகர்வதால் அங்கே கணக்கு நன்றாக வரும். உங்கள் சந்தில் நான்கு போன்தான் போயிருக்கும், அதிலும் பைக்கில் போனது எத்தனையோ. பச்சையாகக் காட்டுகிறதே என்று நீங்கள் திரும்பும்போது, அதே செய்தி பின்னால் வரும் இருபது பேருக்கும் போயிருக்கும். எல்லோரும் திரும்பினால் சந்து என்ன ஆகும்? மூன்று நிமிஷம் மிச்சம் என்று காட்டினால் நான் திரும்பவே மாட்டேன், பத்து நிமிஷத்துக்கு மேல் என்றால் யோசிப்பேன்.

மேப்பை உருப்படியாகப் பயன்படுத்த வேண்டிய நேரம் முந்தின நாள் ராத்திரி. வழி போட்டதும் அந்த மூன்று புள்ளியைத் தொட்டால் எத்தனை மணிக்குச் சேர வேண்டும் என்று வைக்கலாம். எவ்வளவு ஆகும் என்பதை ஒரே எண்ணாக இல்லாமல், குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று காட்டும். பெரிய எண்ணை நம்புங்கள்.

திருப்பூரில் பி.என். ரோட்டில் வீடு, தாராபுரம் ரோட்டில் கம்பெனி, 8.30 ஷிப்ட். எந்தப் பக்கம் போனாலும் அடைத்துக்கொள்கிறது.
— வாசகர், திருப்பூர்

திருப்பூர்க்காரர்களுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஊரை ரயில் தண்டவாளம் ஒருமுறை வெட்டுகிறது, நொய்யல் இன்னொரு முறை வெட்டுகிறது. வடக்கிலிருந்து தெற்கே போக வேண்டுமானால் இரண்டையும் தாண்டித்தான் ஆக வேண்டும், தாண்டுகிற இடங்களோ விரல் விட்டு எண்ணலாம். அதனால் நீங்கள் ரோட்டைத் தேர்ந்தெடுக்கவே தேவையில்லை, பாலத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். தண்டவாளத்தை எங்கே தாண்டுவது, ஆற்றை எங்கே தாண்டுவது என்று இரண்டு புள்ளி வையுங்கள், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பாலம்தான் சரியான பாலம் என்றும் இல்லை. ஸ்டேஷனை ஒட்டி இருக்கிற வழியில் பஸ், கம்பெனி வேன், ரயிலில் வந்து இறங்கும் ஆட்கள் எல்லாம் சேர்ந்துகொள்கிறார்கள், இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, அதை விட்டுவிடுங்கள்.

8.30 ஷிப்டை ஊரே பின்பற்றுகிறது என்பதுதான் நிஜமான சிக்கல். உங்கள் முதலாளி 8 மணிக்கு மாற்றினால் எந்தப் பாலம் என்று தேட வேண்டியிருக்காது, அதை நீங்களே கேட்டுப் பாருங்கள், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

மழை பெய்தால் எதைத் தவிர்ப்பது?
— வாசகி, ஆர்.எஸ். புரம்

லங்கா கார்னர், கிக்கானி ஸ்கூல் பக்கம், அவிநாசி ரோடு பழைய பாலத்துக்கு அடியில் என்று ரயில் பாலத்தின் கீழே போகிற எந்த வழியையும். முன்னால் போகிற பஸ் தாண்டிவிட்டதே என்று காரை இறக்காதீர்கள், பஸ்ஸின் இன்ஜின் இருக்கும் உயரம் வேறு, உங்கள் காரின் உயரம் வேறு.

வடவள்ளியிலிருந்து டவுனுக்கு மருதமலை ரோட்டில்தான் வந்தாக வேண்டும். வேறு யோசனை உண்டா?
— வாசகர், வடவள்ளி

லாலி ரோட்டுக்கு வராமல் உங்களால் தப்ப முடியாது, அதனால் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். மருதமலைக் கோவிலுக்குக் கூட்டம் வருகிற கிருத்திகை, தைப்பூசம் தேதிகளை வருஷ ஆரம்பத்திலேயே காலண்டரில் வட்டம் போட்டு, அன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை செய்ய முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அன்று ஆபீஸ் போயே ஆக வேண்டும் என்றால், காரை எடுக்காமல் பைக்கில் போங்கள்.