திரை இருக்கிறவரைக்கும் நியாயம்: ஆர்க்கெஸ்ட்ரா வேலை பற்றிச் சில கேள்விகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே ஆர்க்கெஸ்ட்ரா என்பது கல்யாண ரிசப்ஷனில் பாடுகிற குழு இல்லை, மேல்நாட்டு சிம்பொனி இசைக்குழு.

ஆளைப் பார்க்காமல், திரை போட்டுத்தான் ஆடிஷன் வைக்கிறார்களாமே, நிஜமா?

நிஜம்தான். பாஸ்டன் சிம்பொனி 1952-லேயே ஆரம்பித்தது, மற்ற பெரிய அமெரிக்கக் குழுக்களில் பலவும் 70, 80-களில்தான் வழிக்கு வந்தன. போனதும் ஒரு நம்பர் தருவார்கள், அதோடு உங்கள் பெயர் போச்சு. வாயைத் திறக்கக் கூடாது. 'இன்னொரு தடவை வாசிக்கலாமா' என்று கேட்பதானால்கூடப் பக்கத்தில் நிற்கிற ஊழியரின் காதில் சொல்ல வேண்டும், அவர்தான் திரைக்கு அந்தப் பக்கம் கேட்டுச் சொல்வார். சில இடங்களில் தரையில் கம்பளம்கூட விரித்திருப்பார்கள், ஏனென்றால் ஹீல்ஸ் சத்தத்தை வைத்தே வந்திருப்பது பெண் என்று கண்டுபிடித்துவிடலாம்.

அப்புறம் பாரபட்சத்துக்கு எங்கே இடம்?

நிறைய இருக்கிறது. பல குழுக்களில் கடைசிச் சுற்றில் திரையை எடுத்துவிடுவார்கள். நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா, சுருக்கமாக மெட் ஓபரா, கடைசிவரை எடுப்பதில்லை, என்னைக் கேட்டால் அதுதான் முறை. ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு ஏது திரை?

1980-ல் ஜெர்மனியின் மியூனிக் பில்ஹார்மோனிக் குழு முதல் ட்ராம்போனுக்கு (ஊதுகிற பித்தளை வாத்தியம்) ஆள் தேடியது. அழைப்புக் கடிதத்தில் ஆபி கோனன்ட்டை ஆண் என்று நினைத்து 'ஹெர்' (ஜெர்மனில் 'திரு') போட்டிருந்தார்கள். போட்டியாளர்களில் ஒருவர் குழுவுக்குத் தெரிந்தவரின் மகன் என்பதால் அன்றைக்குத் திரை. கோனன்ட் ஜெயித்தார், வெளியே வந்து நின்றதும் எல்லோருக்கும் அதிர்ச்சி. 1982-ல் அவரை இரண்டாம் ட்ராம்போனுக்கு இறக்கினார்கள். மூச்சு பத்தாது என்ற பேச்சு வேறு, அதற்காக அந்த அம்மா மருத்துவமனைக்குப் போய் நுரையீரல் சோதனை செய்து காட்ட வேண்டியிருந்தது! பதவியைத் திரும்ப வாங்க ஒரு வழக்கு, ஆண்களுக்குச் சமமான சம்பளத்துக்கு இன்னொன்று என்று 1993 வரை இழுத்தது. வாசிப்பில் குறை கண்டுபிடித்து அனுப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை, அதுவும் இல்லை.

ஒரே குழுவில் எல்லோருக்கும் ஒரே சம்பளமா?

அடிப்படைச் சம்பளம் யூனியன் ஒப்பந்தப்படி ஒன்றுதான். அதற்கு மேல் முதன்மைக் கலைஞர்கள், அதாவது ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தலைமை வகிப்பவர்கள், தனித்தனியாகப் பேசி வாங்குவார்கள், வில்லங்கமே அங்கேதான். திரைக்குப் பின்னால் வாசித்து ஜெயித்த பாஸ்டன் சிம்பொனியின் அப்போதைய முதன்மைப் புல்லாங்குழல் கலைஞர் எலிசபெத் ரோ, பக்கத்து நாற்காலியில் ஓபோ என்கிற குழல் வாத்தியம் வாசிக்கிறவரைவிடத் தனக்குச் சம்பளம் குறைவு என்று 2018-ல் வழக்குப் போட்டார். மறுவருஷம் சமரசத்தில் முடிந்தது. அந்த ஓபோக்காரரே அவருக்கு ஆதரவாகப் பேசினார், அது பிடித்திருந்தது.

கவர்ன்மென்ட் வேலை மாதிரி நிரந்தரமா?

ஒன்றிரண்டு வருஷம் ப்ரொபேஷன், அதைத் தாண்டினால் அமெரிக்காவில் உங்களைச் சுலபத்தில் தூக்க முடியாது, சக கலைஞர்களின் கமிட்டி வரைக்கும் விஷயம் போகும். ஆனால் உங்கள் நாற்காலி பத்திரமாக இருந்து குழுவே கதவை மூடினால்? மினசோட்டா ஆர்க்கெஸ்ட்ராவில் சம்பளத் தகராறில் 2012 அக்டோபரில் நிர்வாகம் கதவடைத்தது, திறக்க 2014 ஆகிவிட்டது. கொரோனாவில் மெட் ஓபரா கலைஞர்கள் மாதக்கணக்கில் சம்பளமே இல்லாமல் இருந்தார்கள். சேமிப்பு வையுங்கள், வேறென்ன சொல்ல.

மகள் சென்னையில் வயலின் எட்டாம் கிரேடு முடித்துவிட்டாள். வாய்ப்பு உண்டா?

எட்டாம் கிரேடு வாசல்படிதான் சார். ஒரு இடத்துக்கு நூறு பேருக்கு மேல் வருவது சகஜம். இந்தியாவில் என்றால் மும்பை என்.சி.பி.ஏ. கலை மையத்தின் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது, 2006-ல் தொடங்கியது, ஆனால் அதிலேயே வெளிநாட்டுக் கலைஞர்கள் நிறையப் பேர். ஆடிஷனில் முழுக் கச்சேரி கேட்க மாட்டார்கள், துண்டு துண்டாகத்தான். ஸ்ட்ராஸின் 'டான் யுவான்' முதல் பக்கம் வயலின்காரர்களுக்கு அநேகமாகத் தப்பாது. அந்த ஒரு பக்கத்தை அவள் பக்கத்து அறையில் இருந்து வாசிக்கட்டும், நீங்கள் ஒரு மெட்ரோனோமை (தாளம் தட்டிக் காட்டும் கருவி) போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேளுங்கள். எங்கே ஓடுகிறாள், எங்கே தடுக்குகிறாள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.