நாக்கு நுனியில் நிற்கும் பெயரும் 'ஃபோர்கான்சியஸ்' மனமும்

கேள்வி: எனக்கு வயது 48. கொஞ்ச காலமாகத் தெரிந்தவர்களின் பெயரே சட்டென்று வாயில் வருவதில்லை. அப்புறம் குளிக்கும்போதோ படுக்கும்போதோ தானாக வந்து விழுகிறது. சிக்மண்ட் ஃப்ராய்டின் நூல் ஒன்றின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் 'ஃபோர்கான்சியஸ்' என்ற சொல்லைப் பார்த்தேன். வேண்டும்போது எடுத்துக்கொள்ளக்கூடிய எண்ணங்கள் இருக்கும் இடம் என்று புரிந்துகொண்டேன். எனக்கு அந்தப் பகுதி பழுதாகிவிட்டதா? ஸ்கேன் எடுத்தால் தெரியுமா?

பதில்: முதலில் ஸ்கேன் விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஸ்கேனில் அது தெரியாது. மூளையில் இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய பகுதி அல்ல அது. மனம் எப்படி இயங்குகிறது என்று விளக்க ஃப்ராய்ட் வகுத்த ஓர் அமைப்பு, அவ்வளவுதான். ஃபோர்கான்சியஸ் கெட்டுப்போவது என்று ஒரு நோயும் கிடையாது.

சொல்லை நீங்கள் புரிந்துகொண்டது ஏறக்குறைய சரி. இன்று எல்லோரும் 'ப்ரீகான்சியஸ்' என்று சொல்வதும் இதுவும் ஒன்றே. தமிழில் முன்நனவு எனலாம். ஃப்ராய்டின் கனவு நூலை 1913இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த ஏ. ஏ. பிரில், ஃபோர்கான்சியஸ் என்று எழுதினார். பின்னால் ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சியின் மொழிபெயர்ப்புகளில் ப்ரீகான்சியஸ் நிலைத்துவிட்டது. அதனால் பழைய புத்தகங்களைப் புரட்டுகிறவர்கள் கண்ணில்தான் முந்தைய சொல் படுகிறது. இரண்டும் வேறு வேறு என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

இந்த வரியைப் படிக்கும் முன் உங்கள் பள்ளியின் பெயர் உங்கள் நினைப்பில் இருந்திருக்காது. நான் சொன்னதும் வந்துவிட்டது, இல்லையா? இதற்கு முன் அது இருந்த நிலைதான் முன்நனவு. கவனத்தில் இல்லை, ஆனால் கூப்பிட்டால் வரும். நனவிலி ('அன்கான்சியஸ்') மனத்தில் இருப்பது அப்படி வராது. அது ஆழத்தில் கிடப்பதால் அல்ல, உள்ளிருந்தே ஒரு தடை அதை வரவிடாமல் நிறுத்துவதால். ஃப்ராய்ட் தன் சொற்பொழிவு ஒன்றில் இதை இரண்டு அறைகளாகக் காட்டினார். வெளியே பெரிய முன்கூடம், அதில் நெருக்கியடிக்கும் எண்ணங்கள், உள்ளே வரவேற்பறை, நடுவாசலில் ஒரு காவலாள். காவலைத் தாண்டி உள்ளே வந்தவை முன்நனவைச் சேர்ந்தவை. அங்கே அமர்ந்திருக்கும் நனவின் பார்வை அவற்றின் மேல் இன்னும் படவில்லை, படலாம். காவலாள் திருப்பி அனுப்பியவைதான் அடக்கப்பட்டவை.

ஆகவே "சாவியை எங்கே வைத்தேன் என்பது முன்நனவில் இருந்தது, கேட்டதும் வந்தது" என்று சொல்வது சரி. "சிறுவயது வேதனையை முன்நனவில் அடக்கி வைத்திருக்கிறேன்" என்பது தவறு. அடக்கப்பட்டது நனவிலியைச் சேர்ந்தது. 'ஆழ்மனம்' என்று பேச்சில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். ஃப்ராய்டுக்கு அந்த மாதிரிப் பொதுச்சொல் பிடிக்காது.

சரி, உங்கள் பெயர் மறதிக்கு வருகிறேன். 1966இல் பிரவுன், மெக்நீல் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் அரிய சொற்களின் பொருளைப் படித்துக் காட்டிச் சொல்லைக் கேட்டார்கள். கடலில் சூரியன், நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கும் கருவி எது என்றதும், 'செக்ஸ்டன்ட்' என்ற சரியான விடை வராமல், சிலருக்கு 'செக்ஸ்டெட்', 'செக்ஸ்டன்' என்று ஒலியில் ஒட்டிய சொற்கள் வந்தன. முதல் எழுத்தும் சொல்லின் நீளமும் பலருக்குத் தெரிந்திருந்தன. முழுச் சொல்தான் வரவில்லை. நினைவு அழியவில்லை, ஒலியை எட்டிப் பிடிக்க முடியவில்லை என்பதற்கு இதுவே அடையாளம். ஊர்ப்பெயர், ஆள்பெயர்களில் இது அதிகம். வயது ஏற ஏறக் கூடுவதும் இயல்பு. பல பெயர் மறதிகளுக்குப் பின்னால் அடக்கப்பட்ட ஏதோ ஒன்றைத் தேடும் பழக்கம் ஃப்ராய்டிடம் இருந்தது. உங்கள் விஷயத்தில் அவ்வளவு தூரம் போக நான் தயாரில்லை.

பெயர் பின்னால் தானாக வருகிறது என்கிறீர்கள். அது நல்ல அறிகுறி. ஆனாலும் தூக்கம் எப்படி இருக்கிறது, மனச்சோர்வு உண்டா, தூக்க மாத்திரையோ ஒவ்வாமைக்கான மாத்திரையோ எடுக்கிறீர்களா என்று பாருங்கள். மறதி தொல்லையாக இருந்தால் தைராய்டு, வைட்டமின் பி12 இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பழகிய வழியில் திசை தப்புவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, தினமும் செய்யும் வேலையின் முறையே மறப்பது, உங்களைவிட வீட்டிலிருப்பவர்கள் அதிகம் கவலைப்படுவது: இவற்றில் ஏதாவது இருந்தால் நரம்பியல் மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். திடீரென்று பேச்சே வராமல் போனாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் சோர்ந்தாலோ காத்திருக்காதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.