பொருளியல் சிந்தனை வரலாற்றை அறிஞர்களிடம் எப்படிக் கேட்பது?

பொருளியல் சிந்தனை வரலாறு கற்றவர்களிடம் பேச வாய்த்தால் என்ன கேட்கலாம் என்று வினவியிருக்கிறீர்கள். எடுத்துக்காட்டாக, ஆங்கிலேயப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ என்ன சொன்னார் என்பதைவிட, எதைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று கேளுங்கள். பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரிடம் நான் அப்படிக் கேட்டபோது, அவர் மேசைமேல் விரலால் ஒரு கால்வாயை வரைந்து, தலைமடை வயலும் கடைமடை வயலும் ஒரே உழைப்புக்கு வெவ்வேறு அளவு பிசானப் பருவ நெல் தருவதையும், அந்த வேறுபாடே நிலக்காரருக்குக் குத்தகையாகப் போவதையும் விளக்கினார். குத்தகையால் தானிய விலை உயர்வதில்லை, விலை உயர்வதாலேயே குத்தகை உயர்கிறது என்பது 1817-இல் ரிக்கார்டோ எழுதியதன் சாரம். இங்கிலாந்தின் தானிய இறக்குமதித் தடை பற்றிய வாதங்களுக்கு நடுவே உருவான கருத்து அது.

ஆனால் நம் பக்கத்தில் வாரமும் (விளைச்சலில் பங்கு தரும் முறை) குத்தகையும் மண்ணாலும் விலையாலும் மட்டுமே முடிவானவை அல்ல. சாதியும் வழக்கமும் கடனும் அவற்றில் கலந்திருந்தன. அந்த இடத்தில் கில்பர்ட் ஸ்லேட்டரைப் பற்றிக் கேட்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான அவர், 1916-இல் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராயச் செய்தார். 1918-இல் வெளிவந்த அந்த ஆய்வுகளின் தொகுப்பில், திருநெல்வேலிக்கு அருகிலுள்ள நம் கங்கைகொண்டானும் இடம்பெற்றது. 1930-களில் அதே ஊர் மீண்டும் ஆராயப்பட்டது. இடையில் மாறியது ஊரா, ஆராய்ந்தவர்களின் கேள்விகளா என்று கேளுங்கள்; எனக்கு மிகுதியாகக் கற்றுத்தந்த கேள்வி அதுதான்.