மகள் சாப்பிட மறுக்கிறாள்: ஆஸ்பத்திரியில் சேர்க்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். உயரம் 158 செ.மீ. ஏழு மாதத்துக்கு முன் 52 கிலோ இருந்தவள், இப்போது 41 கிலோ. சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்று பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறாள். ஆனால் யூடியூபில் சமையல் வீடியோவாகப் பார்த்து எங்களுக்கெல்லாம் விதவிதமாகச் செய்து போடுகிறாள். நான்கு மாதமாக மாதவிலக்கு இல்லை. எண்டோஸ்கோப்பி, தைராய்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒன்றுமில்லை. 'அனோரெக்சியாவாக இருக்கலாம், மனநல மருத்துவரைப் பாருங்கள்' என்று வயிற்று டாக்டரே அனுப்பிவிட்டார். கணவர் வெறும் அடம் என்கிறார், மாமியார் திருஷ்டி என்கிறார். அட்மிட் செய்யாமல் குணமாக்க முடியுமா? – ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: பெரும்பாலான பிள்ளைகளுக்கு முடியும். ஆனால் 'வீட்டிலிருந்தே' என்றால் மாதம் ஒருமுறை டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கி வருவது என்று நினைத்துவிடாதீர்கள். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் நோய்தான் அனோரெக்சியா. அதைக் குணமாக்கும் மாத்திரை இன்றுவரை கிடையாது. கூடவே பதற்றமோ மனச்சோர்வோ இருந்தால் அதற்கு மருந்து தருவார்கள், அவ்வளவுதான். இந்த நோய்க்குச் சோறுதான் மருந்து. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்களும் உங்கள் கணவரும்.

முதலில் அட்மிஷன் விஷயத்தை முடித்துவிடுவோம். அதை எடையை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. விழித்திருக்கும்போது நாடித் துடிப்பு 50க்குக் கீழே இறங்குவது, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 90க்குக் குறைவது, உடல் வெப்பம் 96 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடாதது, எழுந்து நின்றால் மயங்கி விழுவது, ரத்தத்தில் பொட்டாசியம் குறைவது, ஈசிஜியில் மாற்றம் தெரிவது, சாப்பாட்டையோ தண்ணீரையோ அறவே மறுப்பது, உயிரை விடுவதாகப் பேசுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள். அது தோல்வி இல்லை. உடம்பு நிலைப்பட்டதும் புறநோயாளியாக மாறிக்கொள்ளலாம். இவை எதுவும் இல்லாவிட்டால் ஓ.பி. சிகிச்சை போதும், ஆனால் வாராவாரம் எடையும் நாடியும் பார்த்தாக வேண்டும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பத்திரிகைகள் இதைப் 'பசியின்மை நோய்' என்று எழுதுகின்றன. எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. இந்தப் பிள்ளைகளுக்குப் பசி இல்லாமல் இல்லை. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு நாள் முழுக்கச் சோற்று நினைப்பாகவே ஆகிவிட்டது. சிலர் சமையல் குறிப்புகளைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள்; தட்டில் இருந்ததை அளைந்து அளைந்து மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். உங்கள் மகளின் சமையல் வீடியோவும் இதே கதைதான். பட்டினி கிடந்த மூளை அப்படித்தான் வேலை செய்யும். அதனால்தான் முதலில் உணவு, பேச்சுவார்த்தை அப்புறம். வயிறு உப்புவதும் பொய் இல்லை. பட்டினியில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். ஒழுங்காகச் சாப்பிடச் சாப்பிடச் சரியாகும். நம் ஊரில் 'குண்டாகிவிடுவேன்' என்று வாய்விட்டுச் சொல்லாமல், வயிற்றைக் காரணம் காட்டும் பிள்ளைகள் நிறைய. வயிற்று டாக்டரிடம் ஆறு மாதம் கழிவதும் இதனால்தான்.

உங்கள் மகளின் வயதுக்கு முதல் தேர்வு குடும்பம் சார்ந்த சிகிச்சை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவானது. ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை, ஏறக்குறைய இருபது அமர்வுகள். முதல் கட்டத்தில் என்ன சாப்பிடுவது, எவ்வளவு, எப்போது என்பதையெல்லாம் பெற்றோர்தான் முடிவு செய்வார்கள். எடை ஏறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பை அவளிடம் திருப்பித் தருவீர்கள். கடைசியில்தான் பள்ளி, நட்பு, வளரும் வயதின் மற்றச் சிக்கல்கள் பற்றிய பேச்சு.

காலை மூன்று இட்லி என்று வைத்துக்கொள்வோம். அவள் அதைப் பதினாறு துண்டாகப் பிய்ப்பாள், சாம்பாரை ஓரமாக வடிய விடுவாள், வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பாள். இட்லிப்பொடியில் எண்ணெய் ஏன் ஊற்றினீர்கள் என்று அழுவாள். அங்கே கலோரிக் கணக்கில் வாதாடினால் நீங்கள்தான் தோற்பீர்கள். அந்தக் கணக்கில் அவள் புலி. பக்கத்தில் உட்கார்ந்து, "கண்ணு, இன்னும் ஒன்றரை இட்லி இருக்கு. கஷ்டமாத்தான் இருக்கும், அம்மா இங்கேயேதான் இருப்பேன்" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லுங்கள். மிரட்டல் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். முக்கால் மணி நேரத்தில் முடியவில்லை என்றால் டாக்டர் சொன்ன சத்துப் பானத்தைக் கொடுங்கள். சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் கூடவே இருங்கள். பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொண்டு வாந்தி எடுக்கும் பழக்கம் இதோடு சேர்ந்து வரக்கூடும். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று முறை சிற்றுண்டி. வாரம் அரை கிலோ ஏறினால் நல்லது.

ஒரு எச்சரிக்கை. பல நாள் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவருக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். எவ்வளவில் தொடங்குவது என்பதை டாக்டரும் டயட்டீஷியனும் சொல்லட்டும். முதல் இரண்டு வாரம் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பள்ளி? நாடி சரியாக இருந்தால் போகலாம். ஆனால் மதியச் சாப்பாட்டின்போது நீங்களோ ஒரு டீச்சரோ பக்கத்தில் இருக்க வேண்டும். விளையாட்டு பீரியட் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு மாதம் லீவு போட நேர்ந்தாலும் போடுங்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு குறிப்பு. அள்ளி அள்ளிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் புலிமியா பெரியவர்களுக்கு இருந்தால், வழி வேறு. சிபிடி என்னும் பேச்சுச் சிகிச்சை, ஏறக்குறைய இருபது வாரம். தேவைப்பட்டால் ஃப்ளுவாக்சிடின் மாத்திரை. வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்காதீர்கள், வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள். அமிலம் பட்ட எனாமல் தேய்ந்துவிடும்.

இதற்கென்றே தனி மையம் தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டாம். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்குங்கள். சிக்கலானால் வேலூர் சிஎம்சி, பெங்களூரு நிம்ஹான்ஸ் இருக்கின்றன. இடையில் யோசனை கேட்க, அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

கணவரை முதல் அமர்வுக்கே அழைத்துப் போங்கள். அம்மா ஊட்ட, அப்பா "விடு, பசிச்சா தின்னுவா" என்று எழுந்து போகும் வீட்டில் இந்தச் சிகிச்சை நிற்காது. மாமியார் திருஷ்டி கழித்தால் கழித்துக்கொள்ளட்டும், தப்பில்லை. கையோடு நான்கு மணிக்கு ஒரு தம்ளர் சத்துமாவுக் கஞ்சி கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பேத்தியோடு உட்கார்ந்திருக்கும் வேலையையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

ஓ.பி.க்குப் போகும்போது எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட், கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, பழைய எடைக் குறிப்பு எதுவானாலும் கையில் இருக்கட்டும். எடை பார்க்கும் முன் அவள் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கிறாளா என்பதையும் கவனித்து, நர்ஸிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.