கூரைமேல் மரம், கையெழுத்துக்கு ஒரு தாள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் வீடு. காற்று மழையில் தோட்டத்துக் கற்பூர மரம் தகரக் கூரைமேல் சாய்ந்துவிட்டது. ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற வீட்டுக் காப்பீட்டுப் பாலிசி இருக்கிறது. மரம் அறுக்க வந்த ஒப்பந்ததாரர் 40,000 ரூபாய் கூலி சொன்னார். பிறகு, “நீங்கள் ஒன்றும் தர வேண்டாம். இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள். 60,000-க்கு பில் போட்டு இன்சூரன்ஸில் நானே வாங்கிக்கொள்கிறேன்” என்கிறார். பக்கத்தில் நிற்கும் மூன்று மரங்களையும் இதோடு சேர்த்து அறுத்துவிடலாமாம். சம்மதிக்கலாமா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். மரம் கூரையில் கிடக்கும்போது யார் வந்து நின்றாலும் தெய்வமாகத்தான் தெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் இத்தகைய தாள்கள் நீட்டப்படுகின்றன.

உங்கள் பாலிசியில், மரம் விழுந்து வீட்டுக்கு ஏற்படும் சேதம் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் காப்பீடு வீட்டுக்குத்தான், மரத்துக்கு அல்ல. விழுந்ததை அப்புறப்படுத்தும் செலவுக்கு இந்தப் பாலிசி தருவது கோரிக்கைத் தொகையில் 2 சதவீதம் வரை மட்டுமே. கூரையும் சுவரும் சேர்த்து 3 லட்சம் ரூபாய் இழப்பு என்று வைத்துக்கொண்டால், அகற்றும் செலவுக்குக் கிடைப்பது 6,000 ரூபாய். அறுபதாயிரத்தை அவர் எங்கிருந்து வாங்குவார்? ஒன்று, கூரை வேலைக் கணக்கை ஊதிப் பெருக்க வேண்டும். இல்லையென்றால் கடைசியில் உங்களிடம்தான் வருவார், கையில் உங்கள் கையெழுத்தோடு.

ஊதிப் பெருக்கிய பில்லை ‘எல்லோரும் செய்வதுதானே’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கோரிக்கைப் படிவத்தில் கையெழுத்திடுவது நீங்கள், அவர் அல்ல. பொய் ஆவணம் என்று தெரிந்தால் நியாயமாகக் கிடைக்க வேண்டிய கூரைப் பணத்தையும் சேர்த்து நிறுவனம் மறுக்கலாம். வீட்டுக் கடன் இருந்தால் தொகை முதலில் வங்கிக்குப் போகும் ஏற்பாடும் பாலிசியில் இருக்கக்கூடும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது நம் மலைக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் புயலுக்குப் பின் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி, காப்பீட்டு உரிமையையே ஒப்பந்ததாரர் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. வழக்குகள் பெருகின. 2023 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் வீட்டுப் பாலிசிகளில் அந்த உரிமை மாற்றம் செல்லாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். இங்கே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் கை காப்பீட்டு நிறுவனம், முகவர், தரகர், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரைதான் நீளும். மரம் அறுப்பவர்மீது அதற்கு அதிகாரம் இல்லை. ஆகவே அவரோடு நீங்கள் போடும் எழுத்துதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

அந்த எழுத்தில் கூலியை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: கூரையிலிருந்து மரத்தை இறக்குவது, துண்டு போடுவது, ஏற்றிச் செல்வது. கூரையைப் பழுதுபார்க்க மரத்தை இறக்கியே ஆக வேண்டும் என்பதால், அந்தப் பகுதியைப் பழுதுச் செலவோடு சேர்க்கும்படி சர்வேயரிடம் வாதாடலாம். ஏற்பதும் மறுப்பதும் அவர் கையில். ஆனால் ஒரே மொத்தத் தொகையாக எழுதிய பில்லில் வாதாடவே இடமிருக்காது. மரத்துண்டுகள் யாருக்கு என்பதும் எழுத்தில் வர வேண்டும். மரம் உங்களுடையது. ‘குப்பையை எடுத்துப்போகிறேன்’ என்பவர் அதை விற்கப் போகிறார் என்றால் கூலி குறைய வேண்டும். வண்டியில் ஏற்றும் முன் வனச்சரக அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். வேலையாட்களுக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். ஈரத் தகரத்தின்மேல் இயந்திர வாளோடு ஏறுகிறவர்கள் அவர்கள்.

சர்வேயரை அமர்த்துவது நிறுவனம். அவருடைய கட்டணமும் அதன் பொறுப்பு. உங்களிடம் ‘போக்குவரத்துச் செலவு’ கேட்டால் தராதீர்கள். ‘இந்த ஆளிடமே வேலையைக் கொடுங்கள்’ என்று அவரே ஓர் ஒப்பந்ததாரரைக் கைகாட்டினால் அதையும் நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

அந்த மூன்று மரங்கள்? தொடவே கூடாது. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரமானாலும் உரிய குழுவின் முன் அனுமதி வேண்டும். உண்மையிலேயே ஆபத்தாகச் சாய்ந்திருந்தால் படத்தோடு கோட்டாட்சியருக்கு மனுக் கொடுங்கள். அனுமதி கிடைத்தாலும் அந்தச் செலவு உங்களுடையதுதான். இன்னும் விழாத மரத்துக்கு எந்தப் பாலிசியும் கூலி தராது. வேருக்கருகே வீட்டுக்காக மேடு வெட்டியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். நம் சரிவுகளில் மரம் சாய்வதற்குப் பாதிக் காரணம் அந்த வெட்டுதான் என்பது என் கணிப்பு.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: மின்கம்பி சிக்கியிருந்தால் 94987 94987 எண்ணில் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை அழைத்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். எதையும் அசைக்கும் முன் நாலா பக்கமும் படம் எடுங்கள். நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அதையே மின்னஞ்சலிலும் எழுதுங்கள். மழை உள்ளே இறங்கினால் சர்வேயருக்காகக் காத்திருக்காமல் தார்ப்பாய் போடுங்கள். சேதம் மேலும் பெருகாமல் தடுப்பது உங்கள் கடமை. பில்லை மட்டும் வைத்திருங்கள்.

நிறுவனம் இழுத்தடித்தால் முதலில் அதன் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஐஆர்டிஏஐயின் ‘பீமா பரோசா’ தளத்திலோ 155255 எண்ணிலோ புகார் பதியலாம். நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் பதில் இல்லையென்றால், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனை அணுகலாம், கட்டணம் கிடையாது. ஒப்பந்ததாரர் ஏமாற்றினால் வழி வேறு: 1915 நுகர்வோர் உதவி எண், அதற்கும் மேல் உதகையிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே கேட்கப்போகும் முதல் ஆவணம், நீங்கள் பிரித்து எழுதி வாங்கிய அந்தக் கூலிச் சீட்டுதான்.